தன் கையாற் செய்யும் கைக்கடிகாரம்

பெருவிலை பெறும் கைக்கடிகாரமொன்றைக் கடைக் கண்ணாடியினூடே கண்டு, 'இதுபோல் ஒன்றை நாமே செய்துகொண்டால் என்ன?' என்று எண்ணும் இளைஞர் பலர். அவ்வெண்ணம் நகைத்தற்குரியதன்று. எனினும், எவ்வளவு தூரம் அது கைகூடும் என்பதனை முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம். ஆங்கில நாட்டு ஜார்ஜ் டேனியல்ஸ் (1926-2011) என்பார் உள்யந்திரம், கூடு, முகப்பு, முள் யாவற்றையும் தம் கையாலேயே செய்து காட்டியதோடு, அம்முறைகளை 1981-இல் ஒரு பெரு நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் அவர் தம் ஆயுட்காலத்திற் செய்தவை சில பத்துக்களே. தொடக்கக்காரர் அத்துணை உயரத்தை நோக்குதல் வேண்டா. யந்திரத்தையும் கூட்டையும் விலைக்கு வாங்கி, முகப்பையும் முட்களையும் தாமே செய்வது அவர்க்கு இயலும்.

விலைக்கு வாங்குதல் இழிவாகாதோ எனின், ஆகாது. ஜெனீவா நகரத்துப் பட்டெக் பிலிப் நிறுவனத்தார் 1932-இல் வெளியிட்ட 96-ஆம் எண் 'கலத்ராவா' கடிகாரத்தை எடுத்துக்கொள்வோம். வட்டமான கூடு, அலங்காரமற்ற முகப்பு, ஆறு மணிக் குறிக்கு மேலே விநாடிக்கென ஒரு சிறு வட்டம். அவ்வளவே அதன் வடிவம். இன்றளவும் எளிமையின் எழிலுக்கு எடுத்துக்காட்டாய் நிற்கும் அதனுள் முதலில் ஓடியது லெகூல்த்ர் தொழிற்சாலையார் அளித்த யந்திரமேயாம். அவ்வாண்டிலேயே அந்நிறுவனத்தைத் தமதாக்கிக்கொண்ட ஸ்டெர்ன் சகோதரர் அதுகாறும் அதற்கு முகப்புச் செய்து கொடுத்து வந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

யந்திரத்திற்கு வருவோம். சட்டைப்பைக் கடிகாரத்திற்கென அமைந்த 6498 என்னும் ஸ்விஸ் யந்திரம் பயில்வோர்க்கு ஏற்றது. அதன் குறுக்களவு 36.6 மில்லிமீட்டர், கனம் 4.5 மில்லிமீட்டர். உறுப்புக்கள் பெரியனவாதலின் இடுக்கிக்கு எளிதில் அகப்படும். 6497 என்பதை மறந்து வாங்கிவிடின், விநாடி வட்டம் ஒன்பது மணிப் பக்கம் போய் நிற்கும்! இவ்யந்திரத்தால் ஒரு குறையும் உண்டு. கலத்ராவாவின் குறுக்களவு ஏறக்குறைய 31 மில்லிமீட்டரே. நம்முடையதோ 40-ஐ எட்டிவிடும். மாதிரியின் அழகிற் பெரும்பகுதி அதன் சிறுமையிலேயே அமைந்திருப்பதைச் செய்து பார்ப்பவரே உணர்வர்.

முகப்பிற்குப் பித்தளைத் தகடு போதும். அதன் பின்புறத்தே இரண்டு சிறு பாதங்களைப் பற்றாசு வைத்து ஒட்டுதல் முதல் வேலை. இவை அரை மில்லிமீட்டர் பிசகினும், விநாடி அச்சு தன் துளைக்கு நேரே வாராது. பின்னர் தகட்டை ஒரே திசையில் தேய்த்து, வெள்ளிக் குளோரைடு, கறியுப்பு, டார்டார் என்னும் புளிப்புப் பொடி மூன்றையும் நீரிற் குழைத்து ஈரத்துணியால் தேய்ப்பின், பித்தளையின்மேல் வெள்ளி மெல்லெனப் படிந்து வெண்பட்டுப் போல் விளங்கும். நன்கு கழுவி உலர்த்தி வார்னிஷ் பூசாவிடின் சில நாட்களிற் கறுத்துவிடும்.

முட்களே உண்மையான சோதனை. எஃகுத் தகட்டை நுண்ணிய ரம்பத்தால் அறுத்து, அரத்தால் வடித்து, கண்ணாடிபோல் மெருகிட்டு, பித்தளை அரப்பொடி பரப்பிய சிறு தட்டில் வைத்து, ஸ்பிரிட் விளக்கின்மேற் பிடிக்க வேண்டும். சென்டிகிரேட் 230 பாகையளவில் வைக்கோல் நிறம் தோன்றும். பின் செம்பழுப்பு, ஊதா. 300 பாகையளவில் ஆழ்ந்த நீலம். இஃது சாயமன்று. எஃகின் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தின் மேல்முகத்தினின்றும் கீழ்முகத்தினின்றும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலப்பதாற் பிறக்கும் நிறம். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். ஆதலின் ஒரு நொடி தாமதித்தாலும் நீலம் வெளிறிச் சாம்பல் நிறமாகும். விரல்பட்ட இடத்தில் திட்டு விழும். யான் முதலிற் செய்த நிமிடமுள்ளின் நுனி, அடிப்பகுதி ஊதாவாயிருக்கும்போதே சாம்பலாகிவிட்டது. மெல்லிய நுனி முன்னே சூடேறும் என்பதை எண்ணாமற் போனேன். நான்காம் முறை மெருகிட்டபின்னரே முழுதும் நீலம் அமைந்தது. ஐயாயிரம் ரூபாய்க் கடிகாரத்தின் நீலமுட்கள் பெரும்பாலும் வர்ணம் பூசியவை என்பதை அன்று முதல் யான் எளிதிற் கண்டுகொள்கிறேன்.

நிற்க. முகப்பில் எப்பெயரை எழுதுவது? ஜெனீவா நிறுவனத்தின் பெயரையும் சிலுவைக் குறியையும் பொறிக்க ஆசை எழும். வடிவத்தைக் கண்டு பயில்வது வேறு. பெயரைத் திருடுவது வேறு. பின்னையது சட்டப்படியும் குற்றமாம். யான் ஒன்றும் எழுதாது விட்டேன். கண்ட நண்பரொருவர், "பெயரில்லாவிடின் யார் மதிப்பார்?" என்றார். அவர்க்கு விடை சொல்லத் தோன்றவில்லை.

இறுதியாக முட்களைப் பொருத்துதல். மணிமுள்ளின் துளை 2 மில்லிமீட்டர், நிமிடமுள்ளினது 1.15. துளை சற்றே அகன்றாலும் முள் வழுவும். குறுகின் அச்சு வளையும். சரியாகப் பன்னிரண்டில் இரண்டையும் ஒன்றன்மேலொன்றாக, முகப்புக்கு இணையாக அழுத்தி, கண்ணாடியை மூடாமலே சாவி கொடுத்து ஓடவிட வேண்டும். 12 மணி நேரத்தில் நிமிடமுள் மணிமுள்ளை 11 முறை கடந்து செல்லும். பதினொரு முறையும் உராய்வின்றிக் கடந்ததைக் கண்ட பின்னரே கூட்டை இறுக்கலாம்.