எத்தனை? எவ்வளவு?

கடைக்கு வருபவரிடம் "முட்டை எத்தனை வேண்டும்?" என்று கேட்கிறோம். சீனி என்றால் "எவ்வளவு வேண்டும்?" என்கிறோம். மாற்றிக் கேட்பதில்லை. எண்ணிக் கொடுக்கும் சரக்குக்கு 'எத்தனை', நிறுத்தோ அளந்தோ கொடுக்கும் சரக்குக்கு 'எவ்வளவு'. இந்த வேறுபாட்டை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் வியாபாரத்தில் இது தவறினால் பணம் நஷ்டமாகும்.

அரிசியும் மணி மணியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் யாரும் எண்ணி விற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியே விலை பேசத் தகுந்தது எதுவோ அதுவே எண்ணும் சரக்கு. முட்டை, தேங்காய், சோப்பு, தீப்பெட்டி ஆகியவை இந்த வகை. சிறிய பொருளானால் சேர்த்து எண்ணுவோம். வெற்றிலைக்குக் கவுளி, வாழைப்பழத்துக்குச் சீப்பு, முட்டைக்கு முப்பது கொண்ட அட்டை, மற்றதற்கு டஜன். எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவையை நான்காகப் பிரித்த நம் முன்னோர் எண்ணலைத்தான் முதலில் வைத்தார்கள்.

எண்ண முடியாத சரக்கையும் பையிலோ டின்னிலோ அடைத்துவிட்டால் அது எண்ணும் சரக்காகிவிடுகிறது. "ரெண்டு எண்ணெய் கொடுங்க" என்றால் இரண்டு பாக்கெட். ஆனால் அது அரை லிட்டரா, ஒரு லிட்டரா? குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர் வாடிக்கைக்காரர் ஒருவர் போனில் "பத்து துவரம் பருப்பு போட்டு விடுங்க" என்றார். நம் குமாஸ்தா 50 கிலோ மூட்டை பத்தை லாரியில் ஏற்றிவிட்டார். அவர் நினைத்ததோ 25 கிலோ சிப்பம். பாதிச் சரக்கு திரும்பி வந்தது. போக வர லாரி வாடகை, ஏற்று இறக்குக் கூலி எல்லாம் சேர்ந்து அந்த பில்லில் கிடைக்க வேண்டிய லாபத்தைத் தின்றுவிட்டது. வாடிக்கைக்காரருக்கும் மனக்கசப்பு. அவர் மீதும் குற்றமில்லை, குமாஸ்தா மீதும் குற்றமில்லை. 'பத்து' என்ற எண்ணோடு சேர வேண்டிய ஒரு சொல் விட்டுப்போனதுதான் குற்றம்.

இருப்புக் கணக்கிலும் இதைக் கவனிக்க வேண்டும். மிளகாய், புளி போன்றவை காய்ந்து எடை குறையும். மூட்டை பிரித்துச் சில்லறையாக நிறுக்கும்போது சிந்தலும் உண்டு. ஓரளவு குறைவை ஒப்புக்கொள்ளலாம். எண்ணும் சரக்குக்குக் காய்வு கிடையாது. நூறு சோப்பு வாங்கி அறுபது விற்றிருந்தால் அலமாரியில் நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தெட்டு இருந்தால் பில்லில் தவறு, அல்லது வந்தபோதே எண்ணாமல் இறக்கியிருக்கிறோம், அல்லது கை மாறியிருக்கிறது. "சேதாரம்" என்று எழுதி மூடிவிடக் கூடாது.

சட்டமும் இதையே கேட்கிறது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, பொட்டலப் பொருள்களின் மீது நிகர அளவை எடையாகவோ, கொள்ளளவாகவோ, எண்ணிக்கையாகவோ அச்சிட வேண்டும். பொட்டலத்தில் இருக்கும் தெளிவு நம் சிட்டையிலும் இருக்க வேண்டாமா?

ஆகவே, ஆர்டர் எடுக்கும்போது எண், அலகு, ஒவ்வொன்றின் எடை ஆகிய மூன்றையும் எழுதுங்கள். "பருப்பு 10" என்று எழுதாமல் "துவரம் பருப்பு, 25 கிலோ சிப்பம், 10" என்று எழுதி, போனிலேயே ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அரை நிமிட வேலை. ஒரு லாரி வாடகை மிச்சம்.