கடைமடையும் 'நம்'மும்: காரைக்கால் குளங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

'கடைமடை' என்ற சொல்லை நாம் இடப்பெயராகவே வாசித்துப் பழகிவிட்டோம். அது ஓர் அதிகார உறவின் பெயர். மேலே இருக்கிறவன் எடுத்தது போக மிச்சந்தான் கீழே வரும். 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்காலுக்கு இது இரட்டை விளிம்பு. அரசலாறும் திருமலைராஜனாறும் அங்கே கடலைத் தொடுகின்றன. தலைமதகுகளோ வேறோர் ஆட்சியின் கையில். 2007ல் நடுவர் மன்றம் ஒதுக்கி, 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த 7 டி.எம்.சி. காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. தண்ணி வரணுமே!

2019ல் நடந்த 'நம் நீர்' முயற்சியை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதைய ஆட்சியர் விக்ராந்த் ராஜா முன்கையெடுக்க, நூறுநாள் வேலைக்காரர்கள், அரசு ஊழியர்கள், கோயில்கள், ஆலைகள் எனப் பலரும் சேர்ந்து சுமார் மூன்று மாதங்களில் 178 குளங்களைத் தூர்வாரினார்கள். 160 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள நிலப்பரப்பில் இது சின்னக் காரியமல்ல.

ஏன் குளம்? கடலோர மணலுக்கடியில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பதடி வரை உப்பைத் தள்ளிவைக்கும் என்பது கணக்கு. போர் போட்டு அந்த ஓரடியை உறிஞ்சினால் அதே விகிதத்தில் உப்பு மேலேறும். குளத்தில் நிற்கும் தண்ணீர் கசிந்து அந்த ஓரடியைத் திரும்பக் கட்டுகிறது. ஆனால் குளம் தனியாள் இல்லை. ஆற்றிலிருந்து வரத்து வாய்க்கால், மிஞ்சினதுக்கு வடிகால் என்று அது ஒரு சங்கிலியின் கண்ணி. வாய்க்காலில் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் மண்டிக் கிடக்க, குளத்தை மட்டும் வெட்டினால் அது மழையை மட்டுமே நம்பிக் கிடக்கும்.

இங்கே ஒரு சங்கடம். தூர்வாருதல் என்றதுமே நம்மாட்கள் 'குடிமராமத்து' என்று உருகிவிடுகிறார்கள். பக்கத்திலிருந்த சென்னை மாகாணத்தில் பிரிட்டிஷார் 1858ல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டது இந்த 'வழக்க'த்தின் பெயரால்தான். சேறு சுமந்தவன் யாரு, படித்துறையில குளிச்சவன் யாரு? டெல்டாவின் எத்தனை குளங்கள் சேரிக்கு மூடிக் கிடந்தன! 1927ல் மகாட் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்ததுகூட ஒரு நீர்நிலை மீட்புத்தான். நம் சூழலியல் எழுத்து அதை அப்படி எழுதுவதில்லை.

ஆகவே 178 என்ற எண்ணைவிட 'நம்' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. ஆட்சியர் மாறுதலாகிப் போவார். அப்புறம் மதகைத் திறக்கிறது யாரு? மீன் குத்தகைப் பணம் எந்தத் தெருவுக்குப் போகுது? மண்வெட்டி பிடித்த பெண்களில் எத்தனை பேர் குளத்தைப் பற்றிய கூட்டத்தில் உட்கார முடிகிறது? நண்பர்கள் காரைக்கால் பக்கம் போனால் கரையில் நின்று இதையும் கேட்டு வரலாம்.