ஆஞ்சியோவில் தெரியாத கொழுப்பு

கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ராணுவ மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து, 1953இல் முடிவை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. மூட்டை சுமந்து மலை ஏறிய உடம்புகள். அவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு இதயத் தமனிகளில் நோயின் தடயம் கண்ணால் பார்க்கும் அளவிலேயே இருந்தது. நாற்பதுக்கு மேல் வரும் நோய் என்று நாம் நினைப்பது, இருபதிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

இதயத்தின் அறைகள் நிறைய ரத்தம் இருந்தாலும், அதன் தசை பிழைப்பது மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள கொரோனரி தமனிகளை நம்பித்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அந்தத் தசை, வரும் ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 70 சதவீதத்தை உறிஞ்சிவிடும். மாடிப்படி ஏறினால் இன்னும் வேண்டும். அதற்கு ரத்தம்தான் கூடுதலாக வந்தாக வேண்டும். பாதை சுருங்கியிருந்தால் வராது. நெஞ்சு இறுக்கும், நின்றால் தணியும்.

இதுவரை சொன்னது எளிதில் புரியும். தண்ணீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைப்பது போலத்தான் மாரடைப்பும் என்று பலரும் எண்ணுவது இதனால்தான். ஆனால் கொழுப்பு படிவது குழாயின் உட்பரப்பின் மேல் அல்ல, சுவருக்குள்ளே. எல்.டி.எல். கொலஸ்ட்ரால் சுவருக்குள் புகுகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் உப்பி, அங்கேயே மடிகின்றன. மிஞ்சும் கூழை மெல்லிய நார்ப்படலம் ஒன்று மூடுகிறது. தமனியும் லேசுப்பட்டதல்ல: உள்ளே இடம் குறையாதபடி வெளிப்பக்கமாக விரிந்து கொடுக்கிறது. ஆஞ்சியோ எனும் தமனிப் படத்தில் தெரிவது ரத்தம் ஓடும் பாதை மட்டுமே என்பதால், சுவரில் கணிசமாகக் கொழுப்பு சேர்ந்த பிறகும் படம் ஒழுங்காகவே இருக்கலாம்.

ஒருநாள் அந்தப் படலம் கிழிகிறது. உள்ளிருந்த கூழ் ரத்தத்தைத் தொட்டதும், காயம் பட்டுவிட்டதாக எடுத்துக்கொண்டு தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டுகின்றன. விரல் வெட்டுப்பட்டால் நம்மைக் காப்பாற்றும் அதே வேலை, இங்கே நிமிடங்களில் பாதையை அடைத்துவிடுகிறது. அரை மணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கும். மாரடைப்புக்கு முன்னும் பின்னும் எடுத்த ஆஞ்சியோ படங்களை 1980களில் ஒப்பிட்டபோது, பலருக்கு அடைத்த இடம் முன்பு பாதிகூடச் சுருங்காத இடமாக இருந்தது. பெரிய அடைப்பு ஆபத்தில்லை என்பதல்ல. சின்னப் படிவுகள் எண்ணிக்கையில் அதிகம். போன மாதம் டிரெட்மில் சோதனையில் தேறியவர் இந்த மாதம் சரிவதற்கு ஒரு காரணம் இது.

மாரடைப்பின்போது, தமனியை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் உயிர் காக்கும். ஆனால் நடந்தால் மட்டும் நெஞ்சு வலிக்கிற, நிலையான நோயாளிகளிடம் 2007இல் வெளியான கரேஜ் ஆய்வு வேறு விதமாகச் சொன்னது: நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டும் சேர்த்து வைத்தவர்களுக்கு வலி குறைந்தது, மாரடைப்போ மரணமோ குறையவில்லை. ஸ்டென்ட் விரிப்பது வைத்த இடத்தை மட்டுமே. அடுத்து கிழியப்போவது வேறு இடமாக இருக்கலாம். அந்த மருந்துகளில் ஒன்றான ஸ்டாடின் மாத்திரை படிவைச் சுருக்குவது கொஞ்சம்தான். எல்.டி.எல். அளவைக் குறைத்து, அழற்சியைத் தணித்து, மூடியிருக்கும் நார்ப்படலத்தைத் தடிக்க வைப்பதுதான் அதன் முக்கிய வேலை.