வீச்சுக்கு எத்தனை பூச்சி?

குதிரை மசால் வயலில் உள்ள பூச்சிகளை ஒன்றுவிடாமல் எண்ணுவது நடவாத காரியம். ஒரு சிறு பங்கை எண்ணி முழு வயலையும் மதிப்பிட வேண்டியதுதான். அந்தப் பங்கை எப்படி எடுப்பது என்பது பூச்சியின் குணத்தைப் பொறுத்தது.

இந்தத் தீவனப் பயிர் பெருமளவில் விளையும் அமெரிக்காவில் பரவலாகக் கையாளப்படுவது 38 செ.மீ. வாயகலமுள்ள கைப்பிடி வலை. நடந்துகொண்டே பயிரின் மேற்பகுதியில் அரைவட்டமாக ஒருமுறை விசிறினால் அது ஒரு வீச்சு. பல இடங்களில் வீசி, வீச்சுக்கு எத்தனை என்று சராசரி காண்பார்கள். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் குளிரும் காற்றும் பூச்சிகளைச் செடியின் அடிக்கு இறக்கிவிடும். பனி ஈரத்தில் வலையே நனைந்து ஒட்டிக்கொள்ளும். வீசும் கை மாறினாலும் கணக்கு மாறும். ஆகவே வலை சொல்வது பூச்சிகளின் உண்மையான தொகையை அன்று. நேற்றையும் இன்றையும், இந்த வயலையும் அந்த வயலையும் ஒப்பிட உதவும் அளவைத்தான். தொகையே வேண்டும் என்னும் ஆராய்ச்சியாளர்கள், குறிப்பிட்ட பரப்பிலுள்ள பூச்சிகளை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்துச் சதுர மீட்டருக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள்.

சாறு உறிஞ்சும் உருளைக்கிழங்குத் தத்துப்பூச்சிக்கு வலை நன்றாகப் பொருந்தும். இலை நுனி மஞ்சளாகும்போது மகசூல் ஏற்கெனவே குறைந்திருக்கும் என்பதால், அறிகுறிக்குக் காத்திராமல் எண்ண வேண்டும். மருந்தடிக்கும் வரம்பு பயிரின் உயரத்தோடு உயர்கிறது: 8 செ.மீ. பயிரில் 100 வீச்சுக்கு சுமார் 20 பூச்சிகளே அதிகம், 30 செ.மீ. பயிர் 200 வரை தாங்கும்.

அமெரிக்காவில் முதன்முதலாக 1904இல் யூட்டா மாநிலத்தில் காணப்பட்ட கூன்வண்டின் கதை வேறு. அதன் இளம்புழுக்கள் குருத்தின் மடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் வலையில் சிக்குவதில்லை. எனவே ஆங்காங்கே 30 தண்டுகளைப் பறித்து வாளிக்குள் உதறி, குருத்தையும் பிரித்துப் பார்க்கிறார்கள். எப்போது தேடத் தொடங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சுமார் 9 டிகிரி செல்சியசுக்குக் கீழே இவ்வண்டு வளராது. அதற்கு மேல் நாள்தோறும் கிடைக்கும் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் புழுக்கள் வெளிவரும் காலம் தெரிந்துவிடும்.

அசுவினியைத் தண்டுக்குத் தண்டு எண்ணுவதே சரி. இனம் பார்க்காமல் எண்ணினால் பயனில்லை: கலிஃபோர்னியாவில் 25 செ.மீ. எட்டாத பயிரில் பட்டாணி அசுவினி தண்டுக்கு 40 இருக்கும் வரை பொறுப்பார்கள். நச்சு கூடிய நீல அசுவினியோ 10 இருந்தாலே ஆபத்து.

இலை தின்னும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுவில் இன்னொரு படி இருக்கிறது. வலையில் விழுந்த புழுவைப் பிய்த்து, உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் இளம்புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் அந்தப் புழு கணக்கில் சேராது. வீச்சுக்கு 10 என்ற வரம்பு ஒட்டுண்ணி தொடாத புழுக்களுக்கு மட்டுமே.