குளிரில் ஒரு லித்தியம் பந்தி

கனடாவின் வின்னிபெக்கில் பழைய டொயோட்டா பிரியஸ் ஓட்டும் வாசகர் கேட்கிறார்: “நிக்கல் பேட்டரி ஓய்ந்துவிட்டது. லித்தியம் போட்டால் எடை குறையும், மைலேஜ் கூடும் என்கிறார்கள். போடலாமா?” எடை குறையும், உண்மைதான். ஆனால் அவர் ஊரில் ஜனவரி இரவு மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும்.

குளிரில் லித்தியம் பேட்டரி சோர்ந்துபோவது பெரிய சிக்கல் அல்ல, சூடேறினால் தெளிந்துவிடும். ஆபத்து சார்ஜ் ஏறும்போதுதான்.

கிராஃபைட் மின்முனையைக் கல்யாணப் பந்தியாக எண்ணிக்கொள்ளுங்கள். விருந்தாளிகள் லித்தியம் அயனிகள். ஒவ்வொரு அயனியையும் கரைப்பான் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். செருப்பைக் கழற்றுவதுபோல அவற்றை வாசலில் உதறிவிட்டுத்தான் கார்பன் அடுக்குகளுக்கு நடுவே நுழைய முடியும். குளிரில் செருப்பு எளிதில் கழல்வதில்லை. உள்ளே உட்கார்ந்தவர்களும் நகர்ந்து இடம் விடுவதில்லை. பின்னால் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்து இறங்கினால், வந்தவர்கள் வாசலிலேயே இலை போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மேற்பரப்பிலேயே உலோக லித்தியம் படிவது இப்படித்தான். பலர் பிறகு எழுவதே இல்லை. அந்த லித்தியம் பேட்டரிக்கு நிரந்தர இழப்பு. படிவு ஊசி ஊசியாக வளர்ந்து, நடுவே உள்ள தடுப்பைத் துளைத்து, மறு மின்முனை என்னும் மாப்பிள்ளை வீட்டுப் பந்திக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட், தீயும் பிடிக்கலாம். முழு சார்ஜில் கிராஃபைட்டுக்கும் உலோக லித்தியத்துக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடு 0.1 வோல்ட் அளவுதான். குளிரில் கூடும் மின்தடை அந்த இடைவெளியை விழுங்கிவிடுகிறது.

ஹைபிரிட் காரிலோ பிரேக் பிடித்தாலே பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்; ஒவ்வொரு பிரேக்கும் ஒரு பஸ் கூட்டம். இரண்டாம் தலைமுறை பிரியஸின் பேட்டரி வெறும் 6.5 ஆம்பியர்-மணி. 50 ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்தால் எட்டு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். நிக்கல் பேட்டரியில் இருப்பது நீரில் கரைந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. குளிரில் அது மந்தமாகும், லித்தியம் படியும் பேச்சே இல்லை. எந்த வெப்பநிலையில் எவ்வளவு சார்ஜ் ஏற்றலாம் என்று காரின் கணினி வைத்திருக்கும் கணக்கும் நிக்கலுக்கானது. செல்லை மாற்றிவிட்டோம் என்பது அதற்குத் தெரியாது.

வரலாறு சுருக்கமாக: பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்ததும், மாற்று பேட்டரிகளில் பரவலாகப் பயன்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைப் பற்றி விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டதும் 1997இல். இந்த வகை செல்கள் பலவற்றின் தகவல் தாளிலேயே, 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள் என்றுதான் இருக்கிறது. டொயோட்டாவே 2019இல் அமெரிக்காவுக்கான நான்கு சக்கர இயக்க பிரியஸில், குளிரைத் தாங்கும் என்று சொல்லி, நிக்கலைத்தான் வைத்தது.

லித்தியம் டைட்டனேட் மின்முனை கொண்ட செல் உண்டு. அதில் உலோக லித்தியத்துடனான அந்த மின்னழுத்த இடைவெளி சுமார் 1.5 வோல்ட், உலோகம் படிய வாய்ப்பு மிகக் குறைவு. விலையும் எடையும் அதிகம்.

வாசகருக்குச் சொல்வது இதுதான்: மைனஸ் 20 டிகிரியில் எத்தனை ஆம்பியர் சார்ஜ் ஏற்றலாம் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். செல்லைச் சூடாக்க ஹீட்டர் உண்டா, குளிரில் சார்ஜைத் தடுக்கும் ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் புதிய நிக்கல் பேட்டரியே போடுங்கள்.