விர்ச்சுவல் மெஷின் பூட் ஆகவில்லையா? முதலில் ஹோஸ்ட்டின் தேதியைப் பாருங்க!

காரைக்கால் திருவேட்டக்குடியில் உள்ள என்.ஐ.டி. மட்டுமல்ல, எந்தக் கல்லூரியில் கணினி படிப்பவருக்கும் ‘விர்ச்சுவல் மெஷின்’ பழகிய பெயர்தான். ஒரு கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. ப்ராஜெக்ட் காட்டவேண்டிய காலையில் அதிலுள்ள லினக்ஸ் பாதியில் நின்றுவிட்டதா? பதறிப்போய் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யாதீங்க. உள்ளே இருக்கும் வேலையெல்லாம் போய்விடும்.

விர்ச்சுவல் மெஷினுக்கென்று தனி பேட்டரி கிடையாது. பூட் ஆகும்போது ஹோஸ்ட் கணினியிடம்தான் நேரத்தை வாங்கும். ஹோஸ்ட்டின் மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி (பெரும்பாலும் சி.ஆர். 2032) தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னே போய்விடும். டிஸ்க்கில் கடைசியாகப் பதிந்த தேதியோ அதற்குப் பிந்தையது. ‘எதிர்காலத்துத் தேதியா?’ என்று லினக்ஸ் குழம்பும். வித்தியாசம் ஒரு நாளுக்குள் என்றால் தானே சரிசெய்துகொள்ளும். மீறினால், பழைய பதிப்புகளில் டிஸ்க் சோதனை அங்கேயே நின்று உங்களைக் கூப்பிடும்.

மெஷினை நிறுத்திவிட்டு ஹோஸ்ட்டின் தேதி, ஆண்டு, நேரத்தைத் திருத்துங்க. பேட்டரியை மாற்றுங்க. இணையவழி நேரத்துக்கு, இந்திய நேரத்தைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரைக் கொடுக்கலாம். பிறகு பூட் செய்தால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. விஎம்வேர் நிறுவனத்தின் இ.எஸ்.எக்ஸ். 3.5 அப்டேட் 2-இல், சோதனைப் பதிப்புக்கான காலாவதி நிரல் தவறுதலாகத் தங்கிவிட்டது. 2008 ஆகஸ்ட் 12 பிறந்ததும், அணைத்துவைத்த மெஷின்கள் எழவில்லை. திருத்தம் வரும்வரை கைகொடுத்த வழி, ஹோஸ்ட்டின் தேதியை ஆகஸ்ட் 10-க்குத் தள்ளிவைப்பது. அங்கே சரியான தேதிதான் வில்லன்!