பின்வரிசையிலிருந்து எழுந்த குரல்கள்

"நம் தொகுதி உறுப்பினர் டெல்லிக்குச் சென்று என்னதான் செய்கிறார்?" தேர்தல் நெருங்கும்போதெல்லாம் நம் குடும்பங்களில் எழுகின்ற வினா இது. அமைச்சர் பேசினால் செய்தித்தாளில் படம் வருகிறது. அவையில் கூச்சல் எழுந்தால் தலைப்புச் செய்தியாகிறது. இவ்விரண்டிற்கும் இடையே, பின்வரிசை இருக்கையில் அமர்ந்து, தமக்குக் கிடைத்த மூன்று நிமிடங்களில் ஓர் ஊரின் குறையை எடுத்துரைக்கும் உறுப்பினரை நாம் அறிவதில்லை. பதவி ஏதுமில்லாத அவர் பேச்சால் யாது பயன் என்று எண்ணி, அவரை மறந்தும் விடுகிறோம். இவ்வெண்ணம் சரிதானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

வாக்கில்லாதார் வாய்மொழி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கின்றன கல்வராயன் மலைகள். கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. மலைவாழ் மக்களாகிய மலையாளிகள் அங்குத் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்து வருகின்றனர். பெயரைக் கண்டு கேரள நாட்டாரென எண்ணிவிடலாகாது. மலையை ஆள்பவர் என்ற பொருளிலேயே அப்பெயரைக் கொண்ட தமிழ் பேசும் பழங்குடியினர் அவர்கள்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் இம்மலைகள் ஜாகீர்தார்களின் கைகளிலேயே இருந்தன. 1976-ஆம் ஆண்டில்தான் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் மலைமக்கள் வாக்குச்சீட்டைத் தொடுவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. அவர்கள் முதன்முதலாக வாக்களித்தது 1996-ஆம் ஆண்டில்தான் என்ற செய்தி, 2024-ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் எடுத்துரைக்கப்பட்டபோது, அதனைக் கேட்டோர் திகைத்தனர். முதல் பொதுத் தேர்தல் 1952-ஆம் ஆண்டில் முடிந்துவிட்டது என்பதை நினைவிற் கொண்டால், திகைப்பின் காரணம் விளங்கும்.

வாக்கில்லாத மக்களுக்காகப் பேசவேண்டிய கடமை எந்த உறுப்பினருக்கும் நேரடியாக ஏற்படுவதில்லை. ஆனால் மலைமக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் பொருள்கள் பலவும் டெல்லியில்தான் முடிவாகின்றன. பழங்குடியினர் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ பாராளுமன்றத்திற்கே அதிகாரம் உண்டு. காட்டு நிலத்தில் சாலை அமைப்பதற்கு 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. காட்டில் உழுதுண்போர்க்கு உரிமை தரும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் பாராளுமன்றம் இயற்றியதே. சமவெளியில் இறங்கினால், சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப் பாதை என்னும் நெடுநாள் கோரிக்கை; மரவள்ளி பயிரிடுவோரின் விலைக் கவலை; கரும்பு விவசாயிகளின் நிலுவைத் தொகை.

2008-ஆம் ஆண்டில் தொகுதிகள் சீரமைக்கப்பட்டபோது, கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ரிஷிவந்தியம், கெங்கவல்லி, ஆத்தூர், ஏற்காடு ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ஒரே மக்களவைத் தொகுதியாயின. ஆகவே இத்தொகுதியின் உறுப்பினர் ஒரு நாள் காட்டைப் பற்றியும், மறுநாள் கரும்பைப் பற்றியும், அடுத்த நாள் இரயிலைப் பற்றியும் பேசியாக வேண்டும். அமைச்சருக்கு ஒரு துறை. பின்வரிசை உறுப்பினருக்கோ எல்லாத் துறையும்.

கையிலுள்ள கருவிகள்

அவர் கையில் என்ன கருவி உண்டு? முதலாவது கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு வாய்மொழி விடைக்காக 20 கேள்விகளும், எழுத்து விடைக்காக 230 கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அமைச்சர் அவையில் ஓர் உறுதிமொழி தந்துவிட்டால், அது நிறைவேறியதா என ஆராய்வதற்கென்றே ஒரு குழு உண்டு. அடுத்தது, முன்னறிவிப்பு அதிகமின்றி அவசரச் செய்திகளை எழுப்பும் பூஜ்ய நேரம். மூன்றாவது வெள்ளிக்கிழமை. அன்று அவையின் இறுதி இரண்டரை மணி நேரம், அமைச்சரல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது.

அத்தகைய தனிநபர் மசோதாக்களுள் சட்டமானவை விடுதலைக்குப் பின் பதினான்கே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-ஆம் ஆண்டில். இதைக் கேட்டதும், "அப்படியாயின் வீண் வேலையன்றோ?" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். மூன்று நிகழ்ச்சிகளைக் காண்போம்.

மூவர் எழுப்பிய குரல்

பெரோஸ் காந்தி ஆளுங்கட்சியின் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகன். ஆயினும் அமைச்சர் அல்லர். அவையில் உறுப்பினர் பேசியதை உண்மையாக வெளியிடும் செய்தித்தாளுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென அவர் கொணர்ந்த தனிநபர் மசோதா 1956-ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. மறு ஆண்டு டிசம்பரில் அவரே எழுந்து, மக்களின் சேமிப்பைக் காக்க வேண்டிய ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்பாரின் நிறுவனப் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது ஏன் என்று வினவினார். நீதிபதி சக்ளாவின் விசாரணை நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். தம் கட்சி அமைச்சரையே தட்டிக் கேட்ட பின்வரிசைக் குரல் அது. நெருக்கடி நிலையின்போது அச்சட்டம் நீக்கப்பட்டதும், 1977-இல் மீண்டும் அது உயிர்பெற்றதும், அக்குரலின் வலிமைக்குச் சான்று.

அடுத்தவர் பிராங்க் அந்தோணி. ஆங்கிலோ இந்தியர்களின் சார்பில் நியமனம் பெற்ற உறுப்பினராதலின் அவருக்குத் தொகுதியே இல்லை. 1959-ஆம் ஆண்டில், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஆங்கிலத்தையும் சேர்க்க வேண்டுமென்று ஒரு தனிநபர் தீர்மானம் கொணர்ந்தார். அவர் கேட்டது கிடைக்கவில்லை. ஆங்கிலம் அட்டவணையில் இடம்பெறவேயில்லை. ஆனால் அவ்விவாதத்திற்கு விடையளித்த நேரு, இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலமும் உடனிருக்கும் என 1959 ஆகஸ்டு 7 அன்று உறுதி கூறினார். தமிழகம் பின்னர்ப் பல ஆண்டுகள் பற்றி நின்ற வாக்குறுதி அதுவே. அலுவல் மொழிச் சட்டத்திற்கு 1967-இல் வந்த திருத்தம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. தோற்ற தீர்மானம் ஒன்று வென்ற வரலாறு இது.

மூன்றாவது நிகழ்ச்சி கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தொடுகிறது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த கூவாகத்தில், ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவிற்குத் திருநங்கையர் நாடெங்குமிருந்து வந்து கூடுகின்றனர். விழா முடிந்ததும் அவர்கள் திரும்பிச் செல்லும் உலகமோ வாடகைக்கு வீடும், உழைக்க வேலையும் தர மறுக்கும் உலகம். 2014 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினத்தவராக ஏற்றுத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே மாநிலங்களவையில் தமிழக உறுப்பினர் திருச்சி சிவா, அவர்தம் உரிமைகளுக்கென ஒரு தனிநபர் மசோதாவைக் கொணர்ந்தார். திரும்பப் பெறுமாறு அரசுத் தரப்பு கேட்டும் அவர் இசையவில்லை. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. அவை அதனை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளாகக் காணாத காட்சி அது.

எனினும் மக்களவையில் அம்மசோதா நிறைவேறவில்லை. அரசு தானே வேறொரு மசோதாவைக் கொண்டுவந்தது. மாநிலங்களவை அதனை ஏற்ற நாள் 2019 நவம்பர் 26. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டதும் அதே நாளில்தான்! அரசின் மசோதாவில் குறைகள் உளவெனக் கூறி, அதனைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கோரினார் சிவா, அவை இசையவில்லை. அவர் விரும்பிய சட்டம் அதுவன்று. ஆயினும் சட்டம் வேண்டும் என்ற பேச்சைத் தள்ளிப்போட முடியாத நிலையை உண்டாக்கியது அவ்வெள்ளிக்கிழமைதான்.

குரல் எழாத இடத்தில்

இம்மூன்றையும் கூறியதனால், பின்வரிசையில் அமர்ந்தோரெல்லாம் இவ்வாறே பேசுகின்றனர் என்று நாம் கூற வரவில்லை. வாயே திறவாமல் ஐந்தாண்டைக் கழித்தோரும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டத்திற்குப் பின், வாக்களிப்பில் கொறடாவின் கட்டளையை மீறினால் பதவியே பறிபோகலாம். எனினும் கேள்வி கேட்பதற்கும், தம் ஊர்க் குறையை அவையின் பதிவேட்டில் ஏற்றுவதற்கும் எவருடைய கட்டளையும் தேவையில்லை.

அப்படி ஒருவரும் விடாது கேட்காவிடில் என்ன நேரும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்ததை எவர் மறப்பார்? மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கூலி வேலை செய்து பிழைத்த குடும்பங்கள் பல. தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு. அதன் பின்னரே கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சப்படுவதன் காரணத்தையும், அங்குள்ளோரின் வறுமையையும் நாடு பேசியது. அதன் பின்னரே உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து, மலையின் சாலை, பள்ளி, மருத்துவ வசதி பற்றிய வழக்கை எடுத்துக்கொண்டது. பல்லாண்டுகளாக அவைகளில் இடைவிடாது ஒலித்திருக்க வேண்டிய செய்தி, இத்தனை உயிர்கள் போன பின்பு நீதிமன்றத்தில் ஒலித்தது. பின்வரிசைக் குரலின் பெறுமதியை, அது எழாத இடத்தில்தான் நாம் நன்றாக உணர்கிறோம்.

நம் பங்கு

வாசகர்களே, உறுப்பினர் பேச வேண்டுமாயின் அவருக்குப் பேசுபொருள் தேவை. அதனைத் தருவது யார்? மழைக்காலத்தில் துண்டிக்கப்படும் மலைச்சாலை எது, மருத்துவர் வராத ஆரம்ப சுகாதார நிலையம் எது, பட்டாவுக்கு மனுச்செய்து காத்திருப்போர் எத்தனை பேர் என்பன அங்கு வாழ்வோர்க்கே தெரியும். நாளும் இடமும் எண்ணிக்கையும் குறித்து எழுதப்பட்ட ஒரு கடிதம், உறுப்பினர் கையில் ஒரு கேள்வியாக மாறும். கேள்வி எழுந்தால் அமைச்சகம் விடை தேட வேண்டும். விடை தேடுகையில் கோப்பு நகரும். குறை தீர்க்கக் கோரும் மனுவை நம் தாய்மொழியிலேயே அளிக்கலாம் என்பதை அரசியலமைப்பின் 350-ஆம் உறுப்பு உறுதி செய்கிறது. ஆங்கிலம் அறியோமே என்று தயங்க வேண்டுவதில்லை.

எழுதியதோடு நில்லாது, அவர் கேட்டாரா, என்ன விடை வந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். அவைகளின் கேள்விகளும் விடைகளும் பாராளுமன்ற இணையதளத்தில் எவரும் படிக்கும் வண்ணம் கிடைக்கின்றன. கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள், கூட்டத்தொடர் முடிந்ததும் தம் தொகுதி உறுப்பினரின் கேள்விகளை எடுத்து, பெற்றோர்க்குப் படித்துக் காட்டலாம். நன்றாகப் பேசியிருந்தால் ஒரு வரி பாராட்டி எழுதுவதும் நம் கடனே. குறைகூறும் கடிதங்களே வந்து குவியும் மேசையில் அதற்குத் தனி மதிப்புண்டு.

மலைமக்கள் வாக்குரிமைக்காக 1996 வரை காத்திருந்தனர். அவ்வுரிமை வாக்குச்சாவடியில் ஒரு நாள் தொடங்கி அன்றே முடிந்துவிடுவதன்று. அடுத்த ஐந்தாண்டும் உறுப்பினரைக் கேட்க வைப்பதும், கேட்டதைத் தொடர்ந்து கவனிப்பதும் அவ்வுரிமையின் மறுபாதியாகும். அப்பாதியைப் பயன்படுத்த யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. ஓர் அஞ்சலட்டை போதும்.